அக்காவின் சுண்ணாம்பு டப்பி

என் கண்ணால் கண்டவை, அக்காவின் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டவை, மருத்துவர் என் முன்னிலையிற் சொன்னவை: இவற்றுக்கு அப்பாற்பட்ட எதையும் இங்கே எழுதமாட்டேன். சரிபாராத ஒன்றை ஒருமுறை உறுதியாகச் சொன்னேன். அதனால் அக்கா பல மாதங்கள் வீணே நோவு பொறுத்தாள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. வட்டகொடைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அக்கா கொழுந்து பறித்தாள். நான் தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பித்தேன். பெற்றோர் இருந்த, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டிலேயே இருவரும் வாழ்ந்தோம். எலும்பு நோவும் சோர்வும் அவளை வாட்டின. இருமுறை சிறுநீரகக் கல் கண்டது. கண்டியில் ஒரு மருத்துவமனையிற் சோதித்தபோது, இரத்தத்தில் கல்சியம் மிகுந்திருப்பது தெரிந்தது. யாழ்ப்பாணத்தவரான மருத்துவர் அவளுடைய சிவந்த பற்களைப் பார்த்தார்.

"வெத்திலைக்கு எவ்வளவு சுண்ணாம்பு போடுறீங்கள், அம்மா?"

"கொஞ்சூண்டுதாங்க ஐயா. அது இல்லாம மலைக் குளிர்ல நிக்க முடியாதுங்க."

சுண்ணாம்பையும், நோவுக்கென்று தோட்டத்து மருந்தகத்திற் கொடுத்துவந்த கல்சிய மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அதன் பின்னும் குறையாவிட்டால் வேறு காரணம் தேடவேண்டும் என்றார்.

மாத்திரை அன்றே நின்றது. வெற்றிலையையும் விட்டுவிட்டதாக அக்கா சொன்னாள். நான் நம்பவில்லை. மாலைதோறும் அவள் உதட்டு நிறத்தைக் கவனித்தேன். சாளரத்தில் இருந்த டப்பியைத் திறந்து, சுண்ணாம்பின் மேற்பரப்பைக் கரண்டியின் முதுகால் மட்டமாக்கி வைத்தேன். மறுநாள் அதில் ஒரு விரற்குழி. மீண்டும் மட்டமாக்கினேன், மீண்டும் குழி.

அடுத்த சோதனையிலும் கல்சியம் குறையவில்லை. சுண்ணாம்பை விட்டாயிற்றா என்று மருத்துவர் கேட்டார். அக்கா வாய்திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"விடல டொக்டர். எனக்குத் தெரியாம போடுறாங்க. டப்பியில விரல் தடம் இருக்கு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சுண்ணாம்பை நிறுத்திய பின்னரே மேற்சோதனை என்று கொப்பியிற் பதிவாயிற்று.

மாதங்கள் சென்றன. அடைமழைக் காலத்தில் ஒருநாள், பள்ளியிலிருந்து வழக்கத்துக்கு முன்னதாகவே திரும்பினேன். அக்கா வாசற்படியில் அமர்ந்திருந்தாள். கணுக்காலில் இரண்டு அட்டைகள். டப்பியில் விரலைத் தோய்த்து அவற்றின்மேல் தடவினாள். அவை சுருண்டு விழுந்தன. கால் நெடுகிலும் பழைய வெள்ளைத் தடங்கள்.

"இதுக்கா எடுத்த?" என்றேன்.

"பின்ன? எப்பப் பாத்தாலும் என் வாயத்தான பாத்த. ஒரு நாளாச்சும் காலப் பாத்தியா தம்பி?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"படிச்ச வாத்தியாரு டொக்டருகிட்டச் சொல்றப்போ, கொழுந்து எடுக்கிறவ நான் என்னத்தச் சொல்ல?"

அடுத்த முறை மருத்துவரிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். மேற்சோதனை நடந்தது. தைரொயிட் சுரப்பிக்குப் பின்னே ஒட்டியிருக்கும் சிறு சுரப்பிகளுள் ஒன்று வீங்கி, அதன் சுரப்பே கல்சியத்தை உயர்த்திவந்தது. எனக்கு இன்னும் ஐயம் தீரவில்லை. கல்சியத்தைக் குறைக்க உடம்பில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன்.

"இருக்குது, மாஸ்டர். தைரொயிட்டில இருந்து கல்சிற்றோனின் எண்டு ஒண்டு சுரக்கும். கல்சியம் திடீரெண்டு கூடினா அதுவும் கூடும். வருசக்கணக்காக் கூடியே கிடந்தா, கனபேருக்கு அந்தளவுக்கு எழும்பாது. எழும்பினாலும் மனுசரில அதின்ர பலம் குறைவு."

விடியலில் எல்லாரையும் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுப்பும் தப்பு மேளத்தை எண்ணியோ என்னவோ, அக்கா சிரித்தாள்.

"நாள் பூரா தப்படிச்சுக்கிட்டே இருந்தா, பெரட்டுக்கு யாரு எந்திரிச்சு வருவா ஐயா?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தான், அம்மா. ஆனா ஏனெண்டு முழுசா ஒருத்தருக்கும் தெரியாது."

அறுவைச் சிகிச்சையில் அந்தச் சிறு சுரப்பியை அகற்றினார்கள். கல்சியம் இயல்பு நிலைக்கு இறங்கியது, கொப்பியில் இருக்கிறது. எலும்பு நோவு தணிந்தது. மேற்சோதனையிற் பழுதடைந்ததாகத் தெரிந்த இடப்புறச் சிறுநீரகம் மட்டும் மீளவில்லை.

அக்காவின் கல்சிற்றோனின் ஒருமுறையேனும் அளக்கப்படவில்லை. அது சுரந்து சுரந்து சோர்ந்ததா, தொடக்கத்திலிருந்தே போதாமல் இருந்ததா என்பது தெரியாது. அந்தச் சிறுநீரகம் என் சொல்லால் வீணான மாதங்களிற் கெட்டதா, அதற்கு முன்பே கெட்டிருந்ததா என்பதும் தெரியாது.