குழலில் பதிந்த நாலு விரல்

காஜா முகைதீன் தலையில் எண்ணெய் மின்னினால் அன்று கடையில் பெரிய வேலை எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். வண்ணார்பேட்டையில் ஆற்றுக்கு இறங்கும் வழியில் அவருக்குத் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை. ரைபிள் குழலுக்குப் பூச்சு ஏற்றும் நாட்களில் அவர் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார், வடை தின்னமாட்டார், மீன்குழம்பை ஏறிட்டும் பார்க்கமாட்டார். பறட்டைத் தலையோடு தெருவில் போனால், "என்ன அண்ணாச்சி, வீட்ல யாருக்கும் சொகமில்லியா?" என்று ஆட்கள் நின்று விசாரிப்பார்கள்.

"எல்லாரும் சொகந்தான். குழலு ஒண்ணு படுத்துக் கெடக்கு" என்பார் அவர்.

மேலப்பாளையத்தில் அவருடைய வாப்பாவுக்குத் தறி வேலை. மகனுக்கு நூலைவிட இரும்பு பிடித்துப்போயிற்று. இளவயதில் பாளையங்கோட்டையில் ஆயுதக் கிடங்கு ஒன்றில் துப்பாக்கி துடைக்கும் வேலைக்குப் போனவர், அங்கே பழுப்புப் பூச்சைக் கற்றுக்கொண்டார். முதலில் குழலைச் சுண்ணாம்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்க்க வேண்டும். திராவகமும் மயில்துத்தமும் கலந்த நீரைத் துணியில் நனைத்து ஒரே சீராகப் பூச வேண்டும். ஈரமான அறையில் வைத்தால் மெல்லிய செந்துரு படரும். அதைக் கொதிநீரில் வேகவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, மறுபடியும் பூச வேண்டும். இப்படியே பல நாள் போனால், குழல் நன்றாகக் காய்ச்சிய கருப்பட்டிப் பாகின் நிறத்துக்கு வந்துவிடும்.

"துரு பிடிக்காம இருக்கணும்னு குடுத்தா, நீரு உக்காந்து துருவ வளக்கீரே!" என்று புதிதாக வருகிறவர்கள் பதறுவார்கள்.

"நாமளா வளத்த துரு நம்ம சொன்னபடி கேக்கும். தானா வந்தது கேக்காது" என்று சொல்லிவிட்டுத் தேய்ப்பார். எந்நேரமும் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்த கை வெளுத்துப்போய், ஊரில் அவருக்குச் 'சுண்ணாம்புக் கை' என்றே பெயராகிவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்குக் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தான் நூகு. அவர் மனைவி மைதீன் பாத்திமாவின் தம்பி. அங்கே ஒரு துப்பாக்கிக் கடையில் இருந்தவன் புது வித்தை ஒன்றோடு வந்திருந்தான். இரும்புத் தொட்டியில் வெடியுப்பை உருக்கி, பளபளவென்று மெருகேற்றிய குழலை அதில் முக்குவான். குழல் வைக்கோல் நிறமாகி, கத்தரிப்பூ நிறமாகி, கடைசியில் மயில் கழுத்து மாதிரி நீலமாகிவிடும். உலை மூட்டும் நேரத்தைக் கழித்தால், நாலு வெற்றிலை போடுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

"மச்சான், நீரு ஒரு குழலு முடிக்கதுக்குள்ள நான் ஒரு பட்டாளத்துக்கே முடிச்சிருவேன்."

"அழகு சரிதாம்லே. அடைமழைக்கு நிக்குமா?"

"நிக்கும்வே! நீரு கொழும்பு மழையப் பாத்திருக்கீரா?"

தினமும் இதே சண்டை. சோறு போடுகையில் பாத்திமா கரண்டியை ஓங்கினாள். "ரெண்டு பேரும் குழலத் தின்னுங்க. நான் படுக்கப் போறேன்."

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். வெடித்துப்போன பழைய ரைபிள் குழல் ஒன்றை அறுத்து ஆளுக்கொரு துண்டு. அவரவர் பூச்சு முடிந்ததும் ஒருமுறை எண்ணெய் துடைப்பு. அதற்கப்புறம் யாரும் தொடக் கூடாது. கார்த்திகை முழுவதும் சாரல் அடிக்கும் கூரை விளிம்பில் தொங்கவேண்டும். எவன் துண்டு தாங்குகிறதோ அவன் கடையை நடத்துவான். மற்றவன் துருத்தி ஊதுவான். தொடங்கிய வேலையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கக் கூடாது என்று நூகு ஒரு நிபந்தனையும் சேர்த்தான். மலையடிவாரத்து ஜமீன் ஒன்றின் காரியஸ்தர் நமச்சிவாயம் பிள்ளைதான் நடுவர். ஜமீனின் வேட்டை ரைபிள்களும் ஜெயித்தவன் கைக்கே வரும் என்றார் அவர்.

தொடங்குவதை நேரில் பார்க்க பிள்ளை வந்தது ஒரு சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியும் தலையில் நல்லெண்ணெய் வாசமுமாக, சிவப்புக்கல் மோதிரம் போட்ட கையால் முன்குடுமியைத் தடவிக்கொண்டே படியேறினார். நூகுவின் துண்டு அடுப்பருகே குறட்டின் பிடியில் இருந்தது. முகைதீனின் துண்டு சுண்ணாம்பு கழுவி, உலர்ந்து, பூச்சுக்குத் தயாராகத் துணியின் மேல் கிடந்தது.

"இதுதானா வே?" என்று பிள்ளை அதைச் சாவகாசமாகக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார். "ம், பூசும். நான் பாக்கணும்."

எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது என்று முகைதீனுக்குத் தெரியும். மறுபடியும் கழுவ வேண்டும். ஆனால் இப்போதுதான் முழுகிவிட்டு வந்திருக்கும் மனுஷரின் கண்ணெதிரே, அவர் கை பட்டதைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்ப்பதா? 'உம்ம கை அழுக்கு' என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அதுவும் ஒரு பிள்ளைமாரிடம், முஸ்லிமான தான் சொல்வதா? ஒரு வார்த்தைதானே, சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாமே என்று பின்னால் பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டார். அன்றைக்கோ, துணியை நனைத்துப் பூசிவிட்டார். நூகு குறட்டைப் பிடித்தபடியே பிள்ளையின் விரலையும் பார்த்தான், மச்சானையும் பார்த்தான்.

மூன்றாம் பூச்சிலேயே தெரிந்துவிட்டது. குழல் முழுவதும் பழுப்பு ஏற, நடுவில் மட்டும் நாலு விரல் வெள்ளையாக நின்றது. தேய்த்தும் பார்த்தார், வேகவைத்தும் பார்த்தார். அந்த இடத்தில் துரு பிடிக்கவே மாட்டேன் என்றது.

"வேணுங்கறப்ப வரமாட்டேங்கு, பாரேன்" என்று பாத்திமாவிடம் நொந்துகொண்டார்.

கார்த்திகை மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. ஆறு செந்தண்ணீராகப் புரண்டு ஓடியது. மழை வெறித்ததும் பிள்ளை வந்தார். இரண்டு துண்டுகளையும் இறக்கிப் பலகையில் வைத்தார்கள்.

நூகுவின் நீலம் தூரத்தில் அழகாகத்தான் இருந்தது. கிட்டே போனால் மிளகு தூவினாற்போல் உடம்பெல்லாம் செம்புள்ளி. முகைதீனின் பழுப்பு அப்படியே நின்றது, அந்த நாலு இடத்தைத் தவிர. அங்கே மட்டும் துரு அரித்துக் குழியே விழுந்திருந்தது.

"என்னவே இது?" பிள்ளை குனிந்தார். "புள்ளின்னா தொடச்சிரலாம். இது பள்ளமால்லா இருக்கு? ஒம்ம பூச்சு நாலு எடத்துல கைவிட்டுட்டே."

முகைதீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடை கையைவிட்டுப் போகிறது.

"பிள்ளைவாள்" என்றான் நூகு. "அது பூச்சுக் கோளாறில்ல. ஆரம்பத்துல நாந்தான் வடை தின்ன கையோட அதத் தொட்டுட்டேன். அது என் வெரலு."

பிள்ளை நூகுவின் கையைப் பார்த்தார். மோதிரம் இல்லாத, கரி படிந்த விரல்கள். குழலைப் பார்த்தார். மூன்றாவது விரல் தடத்தின் குறுக்கே, மோதிரம் தூக்கிப் பிடித்து விரல் படாத இடத்தில், ஒரு பட்டை பழுப்பு ஒழுங்காக ஏறியிருந்தது. பிள்ளையின் வலது கை, சிவப்புக்கல் மோதிரத்தோடு, மெல்ல அங்கவஸ்திரத்துக்குள் போயிற்று.

"சின்னப்பய வேலதான்" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "வெரல் பட்ட எடத்த விட்டுத் தள்ளும். பூச்சுன்னா முகைதீன் பூச்சுத்தான் வே."

அவர் போனதும் முகைதீன் மச்சினனைப் பிடித்துக்கொண்டார். "ஏம்லே அப்படிச் சொன்ன?"

"பின்ன? நீரு வாயத் தொறக்கமாட்டீரு. நீலம் ஜெயிச்சிருந்தா சந்தோசம். அவரு தலைக்கு வச்ச எண்ணெ ஜெயிச்சு எனக்கு என்னத்துக்கு?" நூகு துருத்தியின் பக்கம் போய் உட்கார்ந்தான். "எம்புட்டு நேரம் ஊதணும், சொல்லும்."

அன்றே ஊத ஆரம்பித்தான். ஆனால் திருகாணிக்கும் விசைக்கும் நீலம்தான் அழகு என்று முகைதீனே ஒப்புக்கொண்டு, அந்த வேலை முழுவதையும் அவனிடம் விட்டுவிட்டார்.

தை மாதம் ஜமீன் ரைபிள்கள் வண்டியில் வந்து இறங்கின. கூடவே பிள்ளையும் வந்தார். அன்றும் சனிக்கிழமை, தலை மினுமினுத்தது. கழுவி உலர்த்திய குழல் ஒன்று துணியின் மேல் கிடந்தது.

"எடுத்துப் பாருங்க பிள்ளைவாள்" என்றார் முகைதீன், மரியாதைக்கு.

பிள்ளை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். "வேண்டாம்வே. நான் இங்கனயே நின்னு கண்ணால பாத்துக்கிடுதேன்."

நூகுவின் கையில் துருத்தி ஒரு நிமிஷம் நின்று, பிறகு சிரிப்பை அடக்குவதுபோல் படபடவென்று வேகமாக ஊதியது.