நாய்க்காது வைத்த யானை

பீங்கான் கடை வேலை என்றால் நாள் முழுக்க முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பது. கடையில் நின்று விற்ற ஆட்களுக்கு இது விளங்கும். மற்றவை ஒருநாள் வந்து நின்று பார்க்கட்டும்.

எண்பத்தாறில், பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு, ஜேர்மனியில் கொலோன் நகரத்தில் இப்படி ஒரு கடையில் சேர்ந்தேன். முதலாளி ஃபிராவ் கெல்லர் மூன்று மாதம் பார்த்துவிட்டு அவுஸ்பில்டுங், அதாவது சம்பளத்தோடு தொழில் பழகும் இடம், தருவதாகச் சொன்னா. வாயைக் கட்டவேணும், கண்டபடி கதைக்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இல்லாவிட்டால் என் அண்ணையைப் போல ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவவேணும். கோப்பையைக் கழுவுவதைவிட விற்பது நல்லது. வாய்தான் பிரச்சினை.

குடைக்காரச் சீனர்

கடையில் முக்கால்வாசி கிழக்கத்தையச் சோடனை: ட்ராகன் சுற்றிய பூச்சாடி, பொன்விளிம்புத் தட்டு, குடை பிடித்த சீனர். எல்லாம் ஐரோப்பாவில் இருந்தபடியே கற்பனை பண்ணிச் செய்தவை. ஒரு கிழவர் குடைக்காரச் சீனர் வரைந்த சாடி ஒன்றைக் காட்டி, "உங்கட ஊரில இப்பவும் இப்பிடித்தானோ உடுக்கிறவை?" என்று கேட்டார். "நான் யாழ்ப்பாணம். சீனா எனக்கும் தூரம்" என்றேன். அவர் என்னையும் சாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பரவாயில்லை, நீங்கள் பக்கத்தில நிண்டால் சாடி இன்னும் வடிவாய்த்தான் இருக்குது."

யானை

பொன் சேணம் பூட்டிய பீங்கான் யானை ஒன்று. காது நாய்க்காது, கால் குதிரைக்கால். ஒரு பெண் ஆசையாகத் தூக்கினா. "யானையைக் காணாத ஆள் செய்த யானை" என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டா. பின்னுக்குப் பெட்டி கட்டும் செல்வண்ணை எட்டிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, நீ விக்க வந்தனியோ, யானைக்கு வழக்குப் பேச வந்தனியோ?"

வெங்காயம்

வெள்ளைத் தட்டில் நீலத்தில் ஒரு கோலம். இங்கே அதற்கு வெங்காயக் கோலம் என்று பெயர். என் ஐயா வெங்காயத் தோட்டம் செய்தவர்; வெங்காயத்தை எனக்கு ஆரும் காட்டித்தரத் தேவையில்லை. வாங்க வந்த புருசன் பெண்சாதியிடம், "இது வெங்காயமில்லை, மாதுளம்பழம்" என்றேன்.

"என்ர அம்மா வெங்காயம் எண்டுதான் சொல்லுறவ. அம்மா பிழை விடமாட்டா!" பெண்சாதி சத்தம் போட, ஃபிராவ் கெல்லர் ஓடி வந்தா. என் மூன்று மாதம் முடிந்தது என்று நினைத்தேன். அவவோ, சீனத்துத் தட்டைப் பார்த்து வரைந்தது அது, மாதுளையைச் சனம் வெங்காயமாக்கிவிட்டது, தனக்கு எப்பவோ தெரியும் என்றா. புருசனின் முகம் மலர்ந்தது.

"முழு செட்டையும் கட்டுங்கோ. என்ர மாமி பிழை எண்டு இண்டைக்குத்தான் ஒராள் சொல்லியிருக்கு."

மறுபடியும் யானை

மூன்றாம் மாதக் கடைசியில் ஃபிராவ் கெல்லர் அந்த யானையை என் முன்னால் வைத்தா. "இதை வித்தால் அவுஸ்பில்டுங் கடுதாசியில கையெழுத்து. வாயைக் கட்டவேண்டாம், உனக்கு அது ஏலாது." அடுத்து வந்த மனிசனிடம் காது பிழை, கால் பிழை, முதுகும் பிழை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் யானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அதுதான் எனக்கு வேணும். சரியான யானை பாக்கிறதெண்டால் மிருகக்காட்சிச்சாலைக்குப் போகமாட்டனோ?"

யானை போனது, கையெழுத்து விழுந்தது. கிழக்கைப் பற்றி ஐரோப்பா விட்ட பிழைகளை எடுத்துச் சொல்லி விற்கக் கிழக்கிலிருந்தே ஒராளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், நான் ஏன் வேண்டாம் என்பேன்?