அப்பாவுக்கு எடுத்த மைல் டிக்கெட்

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, குறுவை அறுப்பு முடிந்து தாளடிப் பயிருக்கு வயல் உழுதுகொண்டிருந்த சமயம். வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு லீவில் வந்திருந்தேன். கோலாலம்பூரிலிருந்து சித்தப்பா மகள் போன் செய்தாள். சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, இனி மருந்தால் பயனில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்களாம்.

"'எங்கண்ணன் வந்துடுமா'ன்னு அப்பா கேட்டுக்கிட்டே இருக்காருக்கா" என்று அழுதாள்.

அப்பாவும் சித்தப்பாவும் முகம் பார்த்து நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. இளவயதில் இருவரும் ஒரு பண்ணையின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். குத்தகைதாரர்கள் தாலுகா ஆபீசில் பெயர் பதியலாம் என்று சட்டம் வந்ததும், சித்தப்பா துணிந்து போய்ப் பதிந்துவிட்டார். அந்த அறுப்புக்குப் பண்ணை ஆட்கள் தடியோடு களத்தில் இறங்கினார்கள். சித்தப்பாவின் தலைக்கு ஓங்கிய தடி, குறுக்கே பாய்ந்த அப்பாவின் முதுகில் விழுந்தது. அடி அப்பாவுக்கு, வழக்கு சித்தப்பாவுக்கு. போலீஸ் தேடி வருவதற்குள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கு போனவர்தான். முதலில் பயத்தில் வரவில்லை. பிறகு பிள்ளைகுட்டி, கஷ்டம், கடைசியில் வியாதி.

அப்பாவை அழைத்துப்போக அந்த முதுகுதான் தடை. கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போய்வந்தாலே இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டார். நாலு மணி நேரம் உட்கார்ந்தே பறப்பது கூடவே கூடாது என்றார் டாக்டர். படுக்கையாக விரியும் பிசினஸ் கிளாஸ் சீட்டின் விலையைப் பார்த்தேன், தலை சுற்றியது.

அப்போதுதான் என் மைல் கணக்கு ஞாபகம் வந்தது. விமானத்தில் பறக்கப் பறக்க அந்தக் கம்பெனி நம் பெயரில் போட்டுவைக்கும் புள்ளிகளைத்தான் மைல் என்பார்கள். ஆபீஸ் வேலையாகப் பறந்தது, கிரெடிட் கார்டில் பருப்பு வாங்கியது, பெட்ரோல் போட்டது என்று எல்லாவற்றிலும் நான் புள்ளி சேர்ப்பேன். 'மைல் பைத்தியம்' என்றே ஆபீசில் எனக்குப் பெயர். அமெரிக்கா மாதிரி தூர தேசத்துக்கு எடுத்தால் மைலெல்லாம் ஒரே மூச்சில் கரைந்துவிடும், பக்கத்து நாடுகளுக்கு எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்பது எனக்கு அத்துப்படி. ஆனால் மைலுக்கென்று ஒதுக்கும் சீட் ஒன்றிரண்டுதான் இருக்கும். தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. கார்டு புள்ளிகள் விமானக் கணக்குக்கு மாறி வரும்வரை வேறு யாரும் அதைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டேன். அப்பாவுக்கு அந்த சீட், எனக்கோ பின்னால் சாதா சீட். விவரத்தைக் கோலாலம்பூர் தங்கைக்கு அனுப்பிவிட்டு அப்பாவிடம் சொன்னேன்.

"பறந்த தூரத்துக்குக் கூலியா குடுக்குறான்?" என்று சிரித்தார். "நடந்த தூரத்துக்குக் குடுத்திருந்தா நம்ம தெருவே பறந்திருக்கும்."

சென்னையில் விமானம் கிளம்பி மேலே போனதும், தமிழ் பேசும் பணிப்பெண் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "உங்கப்பா படுக்கவே மாட்டேங்கிறாங்க. நான் பக்கத்துல போனாலே எழுந்து நின்னுடுறாங்க. கொஞ்சம் வந்து சொல்லுங்களேன்."

போய்ப் பார்த்தேன். சீட்டை விரித்து, தலையணை வைத்து, போர்வையும் போட்டிருந்தார்கள். அப்பா அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது.

"படுங்கப்பா. இதுக்குத்தானே இந்த சீட்டு."

"அந்தப் பொண்ணு நின்னு வேல பாக்குது. இத்தன பெரிய மனுசங்க உக்காந்திருக்காங்க. நடுவுல நான் கால நீட்டிப் படுக்குறதா? நல்லாருக்காதும்மா."

கெஞ்சினேன், அதட்டினேன். அசையவில்லை. வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போதுகூட, பண்ணை வீட்டுச் சின்னப் பிள்ளை வந்தாலும் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழக்கப்பட்ட உடம்பு அது. பண்ணை போய், நிலத்தில் பாதி எங்களுக்கே பட்டாவாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. உடம்புக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்றே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வழி முழுக்க உட்கார்ந்தே வந்தார். இறங்கும்போது நிமிர முடியாமல் சக்கர நாற்காலி கேட்க வேண்டியதாயிற்று.

போனை ஆன் செய்ததும் தங்கையின் செய்தி வந்தது. நாங்கள் கடலுக்குமேல் வந்துகொண்டிருந்தபோதே சித்தப்பா போய்விட்டார்.

அப்பாவின் முன்னால் குனிந்து சொன்னேன். "போயிட்டானா" என்றார்.

சித்தப்பா வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தங்கை ஓடிவந்து அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து பூரா நர்சுங்ககிட்ட அதே பேச்சுதான் பெரியப்பா. 'என்மேல விழ வேண்டிய அடிய எங்கண்ணன் வாங்கிக்கிச்சு. இப்ப ராசா மாதிரி படுத்துக்கிட்டே வருது, முதுகு வலிக்காது'ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொன்னாரு. அந்த நிம்மதியிலதான் கண்ண மூடினாரு."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். குனிய முடியவில்லை. என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் கோண, தம்பியின் காதுப் பக்கம் தலையைக் கொண்டுபோனார்.

"ஆமாண்டா தம்பி. படுத்துக்கிட்டேதான் வந்தேன். முதுகு வலிக்கவே இல்ல."

அப்பாவும் இப்போது இல்லை. ஆபீஸ் பயணங்களில் எனக்கே சில சமயம் அந்த மாதிரி சீட் கிடைக்கிறது. அதில் காலை நீட்டும்போதெல்லாம், அப்பாவுக்கு சீட்டைத்தான் வாங்கிக் கொடுக்க முடிந்தது, அதில் படுக்கலாம் என்ற எண்ணத்தை அவர் மனதில் வரவைக்க என்னால் முடியவில்லையே என்று இன்றும் கண் கலங்குகிறது.