வலைக் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு

திருவிடந்தைக் குப்பத்து ரத்னாவுக்கு எதையும் நேராகக் கேட்டுத்தான் பழக்கம். மீன் கூடையோடு மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறும்போது யாராவது மூக்கைப் பொத்தினால், "மத்தியானம் கொழம்புல துண்ணும்போது நாறாதா?" என்று கேட்பாள். மூக்கைப் பொத்தியவர் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விடுவார்.

அவள் புருஷன் தாண்டவராயன் கட்டுமரக்காரர். ஒரே மகள் வச்சலாவை அதே குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் சின்னராசுவும் மாமனாரும் ஒரே மரத்தில் கடலுக்குப் போவார்கள். தாண்டவராயன் அதிகம் பேசமாட்டார். ஆனால் கரையேறியதும் மனைவியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்பார். குப்பத்தில் வேறு எந்த ஆணும் அப்படிச் செய்வதில்லை. பெண்கள் கேலி செய்தால், "உனுக்கு இன்னா பொறாம?" என்று ரத்னா கேட்பாள்.

எழுபத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்து, தாண்டவராயனுக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது. மரம் தள்ளிய வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டார். சிறுநீரும் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. ஒருநாள் காலை அதுவும் நின்று, அடிவயிறு கல்லாகிவிட்டது. மீன் ஏற்ற வந்த லாரியில் அவரைப் படுக்கவைத்து, ரத்னாவும் சின்னராசுவும் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டியூப் போட்டு நீரை எடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

பரிசோதனை எல்லாம் முடிந்து, டாக்டர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"சம்சாரம் வந்திருக்காங்களா? அவங்களும் இருந்தா நல்லது."

"அவளுக்கு எதுக்கு டாக்டர் இதெல்லாம்? என்னாண்டயே சொல்லுங்க."

வாசலிலேயே நின்றிருந்த ரத்னா திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "நான் இங்கதான் கீறேன். சொல்லுங்க."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். மூத்திரப் பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு சுரப்பி உண்டு. பிராஸ்டேட் என்று பெயர். அதில் புற்றுநோய் வந்து இடுப்பு எலும்புவரை பரவியிருக்கிறது. விதையில் சுரக்கும் சத்துதான் அந்த நோய்க்குத் தீனி. இரண்டு விதைகளையும் எடுத்துவிட்டுத் தினமும் மாத்திரை சாப்பிட்டால் நோய் ஒடுங்கும். முழுக்கக் குணமாகும் என்று சொல்ல முடியாது. ஆனால் வலி போகும், வேலை செய்யலாம், சில வருஷங்கள் நன்றாக வாழலாம்.

ரத்னாதான் கேட்டாள்.

"அப்பால எங்களுக்குள்ள எப்டி டாக்டர்?"

"ஆசை குறைஞ்சுடும்மா. பழையபடி சேர்றது அநேகமா முடியாது. மறைச்சுச் சொல்றதுல பிரயோஜனம் இல்ல."

"ஆப்ரேசன் பண்லன்னா?"

"வலி ஏறிக்கிட்டே போகும். எலும்பு தாங்காது."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "பண்ணிக்கய்யா."

"சரி" என்றார் அவர்.

ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே இடுப்பு வலி விட்டது. லாரியில் படுத்து வந்த மனிதர், பஸ் ஸ்டாண்டுக்குத் தானே நடந்து போனார். ரத்னாவுக்கு அதிலேயே பாதி பயம் தீர்ந்தது.

ஊரில் வேறு பேச்சு காத்திருந்தது. எங்கு பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடத்தி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இனாம் கொடுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. தாண்டவராயனைப் பிடித்துக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் கொடுத்து அனுப்பினார்கள் என்று குப்பம் முழுக்கச் சொன்னார்கள். ரத்னா மறுக்கப் போனாள். "உட்டுடு. அப்டியே நெனச்சிக்கட்டும்" என்று அவர் தடுத்தார்.

ஆனால் உடம்பு அவரை விடவில்லை. மாத்திரை சாப்பிடச் சாப்பிட இரண்டு மார்பும் வீங்கி, தொட்டால் வலித்தன. உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று உடம்பெல்லாம் அனல் ஏறி வியர்த்துக் கொட்டியது. கரையில் எல்லோரும் வெறும் உடம்போடு வலை இழுக்கும்போது அவர் மட்டும் சட்டையோடு நின்றார். பிறகு கடலுக்குப் போவதையே நிறுத்தினார். வீட்டில் புழுக்கம் என்று சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு வலைக் கொட்டகைக்குப் படுக்கப் போய்விட்டார்.

ஒரு மாதம் ரத்னா பொறுத்தாள். "நைனாவுக்கு எம்மேல இன்னா கோவம்? என்னாண்ட பேசறதேயில்ல" என்று வச்சலா வந்து அப்பாவைப் பற்றிக் கேட்ட அன்று, கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளு இங்கயே கெடக்கப் போற?"

"வூட்டாண்ட வந்து இன்னா பண்ணப் போறேன்? உனுக்கு நான் இனிமே எதுக்கு ஒதவுவேன்?"

"நான் பொய் சொல்ல மாட்டேன்யா. அது போனதுல எனுக்கும் வருத்தம் கீது. நானும் அழுதேன். ஆனா டாக்டரு அத மட்டுந்தான எடுத்தாரு? உன் கைய இன்னா பண்ண? ஆஸ்பத்திரிலேந்து வந்ததுலேந்து எம்மேல உன் வெரலு கூடப் படல."

அவர் வலைக்கயிற்றை எடுத்துத் திருகினார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"ஒட்டிக்கும்ன்றாங்கோ."

"யாரு சொன்னது?"

"ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல இருந்தவன். கேன்சருக்காரன் பொண்டாட்டியத் தொட்டா அவளுக்கும் வந்துருமாம். உனுக்கும் வந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்மே?"

ரத்னாவுக்குக் கோபமும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இத இத்தினி நாளா உள்ளயே வெச்சிகினு இருந்தியா? கஞ்சியக் குடி. நாளைக்கே போய்க் கேப்போம்."

மறுநாள் செங்கல்பட்டுக்குப் போனார்கள். தாண்டவராயன் தயங்க, வார்டு நர்ஸ் சந்திரம்மா அவர்களைத் தனியாக உட்காரவைத்து, டாக்டரையே கூட்டிவந்தார்.

"ஒட்டவே ஒட்டாது. ஒரே பாயில படுங்க, கட்டிக்கிட்டுத் தூங்குங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். "மார் வீங்குறதும் இந்த அனலும் மாத்திரையால வர்றது. அதுக்காக மாத்திரைய நிறுத்தக் கூடாது. கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வரணும். பாரம் தூக்காம கடலுக்குப் போகலாம்."

டாக்டர் போன பிறகு சந்திரம்மா ரத்னாவிடம் சொன்னார். "எத்தனையோ பேர் இத கேக்காமயே வெலகிப் போயிடறாங்க. நீ கூட்டிக்கிட்டு வந்தியே, அதுவே பெருசு."

அன்று மாலை பாய் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு வந்தது. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாட்கள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எதையும் கேட்டே பழகிய ரத்னா அப்போது மட்டும் எதுவும் கேட்கமாட்டாள். அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். வேறு சில நாட்கள் அவரே திரும்பி அவள் தலையைக் கோதிவிடுவார். மெல்ல மெல்லத் தங்களுக்குள் ஒரு நெருக்கத்தை இருவரும் பழகிக்கொண்டார்கள். அதுவும் அவர்களுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஆடி மாதம் பிறந்ததும் தாண்டவராயன் சட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கரைக்குப் போனார். அவருடைய மச்சான் முறை முனிசாமி, வலை இழுப்பதை நிறுத்திவிட்டு அவர் மார்பைப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது?"

"கேன்சருக்கு மாத்திர துண்ணுகினு கீறேன். அதான் இப்டி. வெதைய எடுத்துட்டாங்கோ. இடுப்பு நோவு நின்னு போச்சு." பிறகு வலையில் கை வைத்தார். "பக்கெட்டுல்லாம் யாரும் குடுக்கல. இழு."

யாரும் சிரிக்கவில்லை. சின்னராசு மாமனாருக்குப் பக்கத்தில் வந்து நின்று வலையைப் பிடித்தான். அன்று நல்ல சங்கரா மீன் விழுந்தது.

இரண்டு வருஷம் கழித்து, முனிசாமி ஒருநாள் தனியாக வந்து, தனக்கும் ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை என்று சொன்னார். யாரிடமும் சொல்லக் கூசியிருந்தவர், தாண்டவராயனிடம் மட்டும் சொன்னார். அந்த வாரமே முனிசாமியையும் அவர் மனைவி மாரியம்மாவையும் கூட்டிக்கொண்டு ரத்னாவும் தாண்டவராயனும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். ஆண்கள் உள்ளே போனதும், வெளி பெஞ்சில் மாரியம்மா தணிந்த குரலில் கேட்டாள்.

"அப்டி எதுனா ஆயிட்டா, குடும்பம் எப்டிக்கா?"

"பழையபடி இல்ல" என்றாள் ரத்னா. "ஆனா இல்லாமயும் இல்ல. அவர் கூச்சப்பட்டா நீ வாயத் தொறந்து பேசு. ரெண்டு பேரும் கம்முனு இருந்தாத்தான் பேஜாரு."

முனிசாமிக்குப் புற்றுநோய் இல்லை, சுரப்பி பெருத்திருக்கிறது, சின்ன ஆபரேஷனில் சரியாகும் என்று டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னார். தாண்டவராயனையும் அன்றே பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, மாத்திரையைத் தொடர வேண்டும் என்றார்.

நான்கு பேரும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாம்பார் ஊற்றும்போது தாண்டவராயனுக்கு அனல் ஏறி, நெற்றியும் கழுத்தும் வியர்த்தன. அவர் சட்டை பித்தான்களை அவிழ்த்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். பரிமாறியவன் வாளியோடு நின்று பார்த்தான்.

"அந்த ஃபேன கொஞ்சம் வேகமா வெய்ப்பா" என்று சொல்லிவிட்டு, ரத்னா தன் இலையிலிருந்த அப்பளத்தை அவர் இலைக்கு மாற்றினாள்.