ரேவதியைக் கொண்டுபோய் விட்ட 1,019 கிலோமீட்டர்

மார்ச் கடைசி வாரத்தில் என் மனைவி ரேவதியை மெல்போர்னில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். பைக்கில். சிட்னியிலிருந்து கடலோரப் பாதை வழியாக மூன்று நாள், போகும்போது மட்டும் 1,019 கிலோமீட்டர். பின்சீட்டில் ஆளை வைத்துக்கொண்டு இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் கை வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேவதி நர்ஸ். பதினோரு வருஷம் சிட்னி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். இப்போது மெல்போர்ன் பக்கம் டாண்டினோங்கில் வார்டுப் பொறுப்பாளர் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். மகள் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் அவளும் நானும் சிட்னியிலேயே இருக்கிறோம். இது வரைக்கும் இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான். எனக்கு உறுத்தியது வேறு. அவள் விண்ணப்பம் போட்டதும் எனக்குத் தெரியாது, இன்டர்வியூ போனதும் தெரியாது. ஒரு சனிக்கிழமை காலையில் கடிதத்தை என் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, படித்துப் பாருங்கள் என்றாள். படித்தேன். நல்லதுதானே என்றேன். இவள் வேலைக்குப் போகிறாளா, என்னை விட்டுப் போகிறாளா? ஆறு வாரமாக இந்த ஒரு கேள்வியோடுதான் எழுந்தேன், படுத்தேன்.

சாமான்களோடு காரில் கொண்டு விடுகிறேன் என்றேன். பெட்டிகளை வேனில் அனுப்பியாயிற்று, கொண்டு விடுவதாக இருந்தால் பைக்கில் விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். நான் திரும்பும்வரை மகளுக்குச் சாப்பாடு தருவதாக ஒப்புக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி, "தம்பி, உங்களுக்கென்ன விசரே? பிளேனிலை ஒன்றரை மணித்தியாலம்தானே" என்றார். பைத்தியமா என்று கேட்கிறார், நியாயமான கேள்விதான்.

பைக் எங்கள் வாழ்க்கைக்குள் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். கல்யாணமான புதிதில் திருச்சி உறையூரில் ஒன்பது பேர் இருந்த வீடு. புருஷனும் பெண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேச ஒரு மூலை கிடையாது. எங்கள் பேச்செல்லாம் வண்டியில்தான். தில்லை நகரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர். காவிரிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பத்து. நாங்கள் பத்து கிலோமீட்டர்தான் போவோம். ஒருக்களித்து உட்கார்ந்து, தோளில் கை வைத்துக்கொண்டு, என் காதுக்குப் பின்னால் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். என் அம்மாவோடு வந்த மனஸ்தாபம், பிள்ளை எப்போது பெற்றுக்கொள்வது, ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கலாமா, எல்லாம் அந்தப் பின்சீட்டில் முடிவானவை. பிறகு சிட்னிக்கு வந்து கிரவீனில் வீடு வாங்கினோம். நாலு படுக்கையறை. பேச இடம் ஏராளம், பேச்சுதான் நின்றுபோனது. காரில் போனால் அவள் ஃபோனைப் பார்ப்பாள், நான் மேப்பைப் பார்ப்பேன்.

அந்தப் பேச்சுக்கு ஏங்கித்தான் நாற்பத்து நான்கு வயதில், ஓட்டப் பழகுபவர்கள் மாட்டும் எல் பிளேட்டை மாட்டிக்கொண்டேன். இந்திய லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டதால் எல்லாம் ஆதியிலிருந்து. சென்னையில் செய்து கப்பலேறி வந்த ஒரு 650 சிசி வண்டியையும் வாங்கியாயிற்று. அப்புறம்தான் விதிகளை ஒழுங்காகப் படித்தேன். பழகும் காலத்திலும் சரி, அதற்குப் பிறகு பி பிளேட் என்கிற தற்காலிக லைசென்ஸில் ஒரு வருஷமும் சரி, பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது! கட்டின பெண்டாட்டியாக இருந்தாலும் கூடாது. யாருக்காக வண்டி வாங்கினேனோ அவள் பஸ்ஸில் வேலைக்குப் போக, நான் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். வாங்கும்போது இதைப் படிக்கவில்லையா என்று அவள் கேட்டாள். படிக்கவில்லை.

ஆனாலும் சொல்ல வேண்டும், தினமும் வேலைக்குப் பைக்கில் போகிற சுகம் தனி. கிரவீனிலிருந்து மக்குவாரி பார்க்கில் என் ஆபீசுக்கு 22 கிலோமீட்டர். காரில் ஐம்பத்தைந்து நிமிஷம், பைக்கில் முப்பத்தைந்து. பஸ் லேனில் பைக்கும் போகலாம். பார்க்கிங் தேடி அலைய வேண்டாம். யார் வீட்டில் டோஸ்ட் கருகுகிறது, எந்தத் தெருவில் புல் வெட்டியிருக்கிறார்கள், எல்லாம் மூக்குக்குத் தெரியும். எதிரில் வருகிற முன்பின் தெரியாத பைக்காரன் தலையை ஆட்டிவிட்டுப் போவான். ஆபீசில் ஒருத்தனும் அப்படி ஆட்ட மாட்டான். இன்னொன்றும் உண்டு. ஹெல்மெட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டால் நாம் பேசுவது வெளியே யாருக்கும் கேட்காது. நான் பேசுவேன். ரேவதி பின்னால் இருப்பதாக வைத்துக்கொண்டு, வீட்டில் வாயைத் திறக்காத நான், அந்த முப்பத்தைந்து நிமிஷமும் பேசித் தீர்ப்பேன். அது பழக்கமாகிவிட்டது.

ஜனவரியில் முழு லைசென்ஸ் வந்தது. ரேவதிக்கு ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் வாங்கினேன். ஒருக்களித்து உட்காரும் கதை இங்கே நடக்காது, இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். இரண்டு ஹெல்மெட்டுக்கும் சேர்த்து 420 டாலருக்கு ஒரு இன்டர்காம், ஓட்டிக்கொண்டே பேசலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஹோம்புஷ் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தோம். மூன்றாவது வாரம் அந்தக் கடிதம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை 6.20க்குக் கிளம்பினோம். பிக்டன் ரோடு வழியாக இறங்கினால் ஒன்றே கால் மணி நேரத்தில் வுலங்காங். மலைச்சரிவில் மரங்கள் விலகி, கடல் பொசுக்கென்று கண்ணுக்கு நேரே வரும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், லாரிகள் அதிகம். அன்றைக்கு நரூமா வரை 352 கிலோமீட்டர். பெர்ரியில் சூடான டோனட்டும் காபியும். பேட்மன்ஸ் பே ஆற்றங்கரையில் அவள் கட்டி எடுத்து வந்த புளியோதரை. நரூமா மோட்டலில் அறை வாடகை 165 டாலர், வண்டியை ஜன்னலுக்கு நேரே நிறுத்தலாம். இன்டர்காமில் என்ன பேசினோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மகள் சாப்பிட்டிருப்பாளா, கேஸ் பில் எந்தத் தேதி, கால் மரத்துப்போச்சு நிறுத்துங்க. அவ்வளவுதான். கேள்வி நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது.

இரண்டாம் நாள்தான் கடினமான நாள், 375 கிலோமீட்டர். ஈடன் தாண்டிய பிறகு ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை, இரண்டு பக்கமும் காடு, மரம் ஏற்றிய லாரிகள். ஈடனிலும் கேன் ரிவரிலும் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். கேன் ரிவரில் மதியம் 12.40க்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தூறல். பேட்டரி குறைவாக இருக்கிறது, இன்டர்காமை அணைக்கிறேன் என்றாள் ரேவதி. காதில் பீப் சத்தம் வந்தது. அங்கிருந்து ஆர்போஸ்ட் 75 கிலோமீட்டர்.

மழை பட்ட யூகலிப்டஸ் வாசம் ஹெல்மெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ரோட்டில் யாரும் இல்லை. என் இடுப்பில் அவள் கை. பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். விண்ணப்பம் போட்டதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாலு படுக்கையறை வீட்டைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். ஆபீசுக்கு நேர்வழி இருக்க, நாலு நிமிஷம் சுற்றிக்கொண்டு தினமும் வெஸ்ட்மீட் வழியாகப் போனேன், ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஓரமாக நிறுத்திவிட்டு நீ பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன், ஒரு நாளும் கூப்பிடத் தைரியம் வரவில்லை என்று சொன்னேன். தினமும் ஹெல்மெட்டுக்குள் உன்னிடம்தான் பேசிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன். கடைசியாக அதையும் கேட்டுவிட்டேன். "வேலைக்குப் போறியா, ரேவதி, இல்ல என்னை விட்டுப் போறியா?" அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். மழையில் ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டு ஓட்டாதீர்கள், கண்ணாடியில் ஆவி படிந்துவிடும்.

ஆர்போஸ்டில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். ரேவதி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பத்து நிமிஷம் கழித்து இரண்டு காபியோடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. என் காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"வெஸ்ட்மீட்ல எந்த கேட்டுக்கு எதிர்ல நிப்பீங்க?"

எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அணைக்கிறேன் என்று அவள் அழுத்தியதில் அவள் பக்கத்து மைக் மட்டும்தான் அணைந்திருக்கிறது. நான் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. நடுவில் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவில்லை. "அதுக்கப்புறம் கூப்பிடலை" என்றாள். எந்த கேட் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள்.

அன்றைக்கு இரவு தங்கிய லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற கடலோர ஊரில் அறை 150 டாலர். மாலை ஐந்து மணிக்கே மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு படகுத்துறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இப்போதாவது சொல்வாள் என்று பார்த்தேன். சிப்ஸில் உப்பு அதிகம் என்றாள். ஆமாம் என்றேன். முகத்துக்கு முகம் பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்குமே வாய் அடைத்துப்போகிறது, என்ன ஜாதகமோ.

மூன்றாம் நாள் 292 கிலோமீட்டர், சுலபமான ரோடு. காலை 8.15க்குக் கிளம்பி, பேன்ஸ்டேல் தாண்டி, சேல் நெருங்கும்போது இரண்டு பக்கமும் மாடு மேயும் சமவெளி. காதில் பீப் சத்தம் வந்தது.

"நேத்து கேட்டீங்கல்ல? ரெண்டும்தான்" என்றாள். "வேலைக்கும்தான் போறேன், உங்களை விட்டும்தான் போறேன்."

ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவள் நிறுத்தவில்லை. சாப்பிட்டாச்சா, பில் கட்டியாச்சா என்பதைத் தவிர அந்த வீட்டில் தன்னிடம் பேச ஆள் இல்லை என்றாள். விண்ணப்பம் போட்ட அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்ததாம், என்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லையாம். அதை நினைத்து அவளே பயந்துபோனாளாம். பைக்கில் வரச் சொன்னதுகூட, கடைசியாக ஒரு தடவை பேசிப் பார்க்கலாம் என்றுதான்.

"ஒரு வருஷமா தினமும் என்கிட்ட பேசியிருக்கீங்க. நான் ஒருத்திதான் அங்க இல்ல" என்றாள்.

"இப்போ?" என்று கேட்டேன்.

"இப்போ ரோட்டைப் பாருங்க. லாரி வருது."

அதற்குப் பிறகு வாய் மூடவில்லை இரண்டு பேரும். வார்டில் யார் யார் எப்படி, என் மேனேஜர் செய்கிற கூத்து, மகள் எங்களிடம் மறைக்கிறாள் என்று நாங்கள் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருந்த விஷயங்கள், பதினோரு வருஷத்துப் பாக்கி. நூறு போகக்கூடிய ரோட்டில் எண்பதில் ஓட்டினேன், பின்னால் வந்த கார்களெல்லாம் என்னைச் சபித்திருக்கும். டாண்டினோங் 20 என்ற பலகை வந்தது. இப்படியே திரும்பிக் கிரவீனுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் அவள் கையெழுத்துப் போட்ட வேலை, ஆசைப்பட்ட வேலை. மதியம் 1.10க்கு அவளுடைய ஒற்றை அறை ஃபிளாட் வாசலில் நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். அவளுடைய ஹெல்மெட்டைப் பின்சீட்டில் வைத்துக் கட்டியிருந்தேன். ரேவதி வந்து கயிற்றை அவிழ்த்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள். பார்த்துப் போங்க என்றாள். சரி என்றேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கடலோரப் பாதையை இரண்டு நாளில் முடிக்க முயலாதீர்கள், பின்னால் இருப்பவருக்கு இடுப்பு விட்டுப்போகும். மாலை ஐந்தரைக்கு மேல் ஓட்ட வேண்டாம், கங்காரு குறுக்கே வரும். போகும் வழிக்கு மட்டும் பெட்ரோல் 96 டாலர் ஆனது. மழைக் கையுறை இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்காமில் எந்தப் பட்டன் எதை அணைக்கும் என்று வீட்டிலேயே படித்துக்கொள்ளுங்கள். அல்லது படிக்காதீர்கள்.

திரும்புவதற்கு ஹியூம் நெடுஞ்சாலைதான் குறுக்கு வழி, 880 கிலோமீட்டர், ஒரே நேர்கோடு, தூக்கம் வரும். ஆல்பரியில் ஒரு இரவு தங்குங்கள். வழி நெடுக ஓய்வுப் பகுதிகள் இருக்கின்றன, தயங்காமல் நிறுத்துங்கள். பின்னால் ஆள் இல்லாமல் வண்டி லேசாகிவிட்டது, ஒவ்வொரு பிரேக்குக்கும் என் முதுகில் வந்து முட்டுகிற ஹெல்மெட் இல்லை. வழக்கம்போலப் பேச வாயைத் திறந்தேன், வரவில்லை. நூற்று அறுபது கிலோமீட்டர் ஊமையாக ஓட்டினேன். யூரோவா என்ற ஊருக்கு முன்னால் ஒரு ஓய்வுப் பகுதியில் ஒதுங்கி, வண்டியை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஃபோன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னங்க, வண்டி ஏதாவது ரிப்பேரா?"

"இல்ல. உன்கிட்ட பேசணும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வது கேட்டது.

"பேசுங்க" என்றாள் ரேவதி. "எனக்கு ட்யூட்டி நாளைக்குத்தான்."