ஆறினால் ஓடும் கார்

என் அப்பா ராமதாஸ் ஃபேக்டரி பஸ் டிரைவர். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலையாட்களை ஏற்றிப் போவதும் கொண்டுவந்து இறக்குவதுமாக முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். யார் எந்தச் சந்து முனையில் நிற்பார், யாருக்கு இந்த வாரம் காலை ஷிப்ட், யார் பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறார், எல்லாம் மண்டைக்குள்ளேயே இருக்கும். கம்பெனிக்காரன் மாதாமாதம் பெயர் அச்சடித்துக் கொடுக்கும் தாளை மடித்து, கண்ணாடிக்கு மேலே செருகிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இவர் முகத்தைப் பார்ப்பதற்குள் இவர் அவர்களை எண்ணி முடித்திருப்பார்.

வேலையை விட்ட பிறகும் கைக்கு ஸ்டீயரிங் இல்லாமல் இருக்க முடியவில்லை. கெலுகோரில் எங்கள் ஃப்ளாட்டில் யாருக்கு கிளினிக் போகவேண்டும், யாருக்குத் தண்ணீர்மலை கோயிலுக்குப் போகவேண்டும் என்றாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "தாஸ் அண்ணே இருக்காரா?" அப்பா எப்போதும் இருப்பார். காசு வாங்க மாட்டார். அம்மா போன பிறகு இந்தத் தட்டல்தான் அவரைக் காலையில் எழுப்பியது என்று நான் நினைக்கிறேன். ஆனால் கார்தான் பழசு. அதை வாங்கிய வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாணமாகிக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு அந்தக் கார் நடுவழியில் நிற்க ஆரம்பித்தது.

முதல் தடவை கீழ்வீட்டு நல்லம்மாள் அக்காவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது. ஜெலுத்தோங்கில், நல்ல உச்சி வெயிலில், லாரிகளுக்கு நடுவே கார் இரண்டு குலுக்கு குலுக்கி ஓய்ந்துவிட்டது. அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்ததால் அண்ணன் கோகுலனைக் கூப்பிட்டேன். அவனுக்குக் கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. கடல்பாலம் தாண்டி அவன் வந்து, சாவியை வாங்கி ஒரு திருப்புத் திருப்பினான். கார் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது.

"டாங்கியில பெட்ரோல் எண்ணெய் இல்லாம ஓட்டியிருப்பீங்க."

"முள்ளு கோட்டுக்கு மேலதான்டா இருந்துச்சு."

"அப்போ கியர் தப்பா போட்டிருப்பீங்க லா, ப்பா."

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. நான் பொறுமைசாலி இல்லை. அன்றைக்கே போனில் அவனைப் பிடித்துக் கிழித்துவிட்டேன். அவனும் பதிலுக்குக் கிழித்தான். அதற்குள் நல்லம்மாள் அக்கா பதினான்கு மாடிக்கும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்.

அதற்குப் பிறகு இதே கூத்துதான். வெயிலில் கொஞ்ச தூரம் அலைந்தால் கார் நிற்கும். அப்பா பதறிப்போய் யாரையாவது கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் வந்து சேர்வதற்குள் அது ஆறிவிடும், ஆறினால் ஓடும். வந்தவர் காரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவைப் பார்ப்பார். ஜெலுத்தோங் பின்சந்தில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் அஃபிக்கிடம் இரண்டு தடவை விட்டோம். அவர் பிளக் மாற்றினார், பேட்டரி பார்த்தார், தானே ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். கார் அவரிடம் மட்டும் அடக்க ஒடுக்கமாக நடந்துகொண்டது.

"ஒன்னும் தெரியல அக்கா. நிக்கும்போது என் கையில கெடச்சாத்தான் சொல்ல முடியும்" என்று என்னிடம் கையை விரித்தார்.

வீட்டில் கதவைத் தட்டுவது குறைந்தது. நல்லம்மாள் அக்கா கிளினிக்குக்கு கிராப் வாடகைக் காரில் போக ஆரம்பித்தார். லிஃப்டில் அப்பாவைப் பார்த்தால், ஏதோ கடன் வாங்கியவர் மாதிரி போனை நோண்டுவார்.

பிறகு ஒருநாள் அப்பா பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. மசாலா வாங்க டவுனுக்குப் போனாராம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கார் நின்றுவிட்டதாம், அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டாராம். சாயங்காலம் நானும் அண்ணனும் தேடிப் போனோம். கார் பார்க்கிங் கோட்டுக்குள் அச்சடித்தாற்போல நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது, ஸ்டீயரிங் பூட்டு போட்டிருந்தது, பின்சீட்டில் மசாலாப் பை இருந்தது. முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான். "நடு ரோட்டுல நின்னுச்சுன்னா, கோட்டுக்குள்ள எப்படிப்பா போச்சு?"

அப்பா மசாலாப் பையைப் பிரிக்க ஆரம்பித்தார். "தள்ளி விட்டாங்க."

"யாரு?"

"அங்க இருந்த பசங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "அதான் சொல்றாருல்ல? போலீஸ் மாதிரி என்ன விசாரணை?"

அண்ணன் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டான். ஆனால் அவன் குரலுக்குத் தனியாகப் பேசத் தெரியாது. "அத்தைக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது? மறந்துட்டியா? ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறாரு தனுஜா. எக்ஸ்பிரஸ்வேல நடுவுல நிறுத்தி, பின்னால லாரி வந்தா? இன்னொரு தடவ நின்னுச்சுன்னா நான் வந்து சாவிய வாங்கிட்டுப் போயிருவேன். அவ்வளவுதான்."

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கடைசி வருஷங்களில் சொந்த மகனையே யார் வீட்டுப் பையன் என்று கேட்டவர். அந்தப் பெயரை அவன் எடுத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். எல்லாம் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோனது.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா கீழே கார் பார்க் வரை வந்தார். காரின் முன்மூடியில் கை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மா, நான்தான் ஏதாச்சும் மறந்து செய்றேனா?"

"இல்லப்பா. கார்தான். இந்தக் காடிலதான் கோளாறு."

"அதான் நானும் நெனக்கிறேன்" என்றார். நினைக்கிற மாதிரி தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க வண்டியை எடுக்கவே இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழைய ஃபேக்டரி பஸ் ஆட்களின் பெயர்களை வரிசையாக முணுமுணுத்துக்கொண்டிருந்ததை ஒருநாள் சமையலறையிலிருந்து கேட்டேன். ஒவ்வொரு பெயரோடும் அவர் ஏறும் இடத்தையும் சொன்னார். ஓரிடத்தில் முட்டி நின்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான் லீவு போட்டேன். அப்பாவையும் காரையும் அஃபிக்கிடம் கொண்டுபோனேன்.

"எதையும் மாத்தாதீங்க தம்பி. வெயில்ல நிறுத்தி, நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க."

"நிக்கலன்னா?"

"நிக்கும்."

கார் வொர்க்‌ஷாப் வாசலில் வெயிலில் உறுமிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டிவந்த ஐஸ் தேநீரோடு காரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஓடிற்று. ஓடிக்கொண்டே இருந்தது. உலகத்தில் எல்லாரும் வண்டி நிற்கக்கூடாது என்று சாமி கும்பிடுவார்கள். நான் தண்ணீர்மலை முருகனிடம், இந்தச் சனியன் இப்போதே நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்பா தே ஐஸைக் குடிக்கவில்லை. டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர்போல இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

எஞ்சின் ஒரு தடவை திக்கியது. பிறகு குலுங்கியது. பிறகு நின்றது.

நான் எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்துக் கடைச் சீனக் கிழவர் எட்டிப் பார்த்தார். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். "பாத்தியா? பாத்தியாம்மா?" சிரித்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

அஃபிக் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பின்னால் போய் பெட்ரோல் ஊற்றும் வாயில் காது வைத்தார். சத்தமே இல்லை. கார் அடியில் படுத்து, ரப்பர் சுத்தியலால் டாங்கியை லேசாகத் தட்டினார். உள்ளே வண்டு முனகுவதுபோல ஒரு சத்தம் கிளம்பியது.

"பம்ப் போச்சு அக்கா. டாங்கிக்குள்ள இருக்குற பெட்ரோல் பம்ப். சூடானா நிக்குது, ஆறினா சுத்துது. அதான் என்கிட்ட மாட்டல."

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பேட்டரி வயரைக் கழற்றினார். பின்சீட்டைத் தூக்கினார். அதன் அடியில் இருந்த தகட்டுமூடியைத் திறந்ததும் சந்து முழுக்கப் பெட்ரோல் வாடை. சிகரெட்டோடு வந்த ஒரு வாடிக்கையாளரை அஃபிக் கத்தித் தெருமுனைக்கு விரட்டினார். பம்பை வெளியே எடுத்தபோது அதன் அடியில் இருந்த வடிகட்டி கரிச்சட்டி மாதிரி கறுத்திருந்தது.

"அங்கிள், எப்பவும் எண்ணெய் கொறச்சலா வச்சுதான் ஓட்டுவீங்களா?"

அப்பா தலையாட்டினார். எங்கள் ஃப்ளாட்டில் ராத்திரி வந்து கார்களிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போகிற கும்பல் ஒன்று இருக்கிறது. அதனால் அன்றாடத்துக்கு வேண்டியதை மட்டும் ஊற்றி, காலி டாங்கியோடு நிறுத்துவதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். அதை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"அதுதான் அங்கிள் தப்பு. பம்ப் பெட்ரோல்ல முங்கிக் கெடக்கணும். அதுதான் அதுக்குக் குளிர்ச்சி. காலியா ஓட்டி ஓட்டிக் காயப் போட்டுட்டீங்க."

திருடனுக்குப் பயந்து தானே தன் காரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். அன்றைக்கு அந்தத் தப்பு எனக்குத் தேன் மாதிரி இனித்தது. கைக்குள் அடங்கும் அந்தப் பம்பைப் படம் எடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே, "இதுதான் அப்பாவோட மூளை, நல்லாப் பாத்துக்க" என்று எழுதினேன். அவன் உடனே அப்பாவைக் கூப்பிட்டான். "சாரிப்பா" என்றான். அப்பா, "பரவால்லடா, உனக்கும் பயம்தானே" என்றார். புதுப் பம்ப் போட்டு மூடியதும், வாழ்க்கையில் முதல் தடவையாக டாங்கி நிறைய ஊற்றினோம்.

அதற்குப் பிறகு கார் எங்கேயும் நிற்கவில்லை. அப்பா கீழே போய் நல்லம்மாள் அக்காவிடம் தானே சொன்னார். அக்கா மறுபடி ஏறினார். கதவுத் தட்டல் திரும்பி வந்தது. சின்னச் சின்னதாக எனக்கு உறுத்திய எல்லாவற்றையும் நான் அந்தப் பழைய பம்பின் தலையிலேயே கட்டினேன். பார்க்கிங் கோடு, தள்ளிவிட்ட பசங்கள், மேசையில் முட்டி நின்ற அந்தப் பெயர், எல்லாம். பயத்தில் யாருக்குத்தான் தடுமாறாது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினோம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். எக்ஸ்பிரஸ்வேயில், பாலத்துக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், வேகத்தைக் குறைத்தார். சிக்னல் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். பஸ்ஸை ஓரங்கட்டுவதுபோல அழகாக அவசரப் பாதையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டார்.

"என்னப்பா?"

"நின்னுருச்சும்மா."

நான் அவரைப் பார்த்தேன். விளையாடுகிறாரா என்று பார்த்தேன். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏர்கான் காற்று என் கையில் சில்லென்று பட்டுக்கொண்டிருந்தது. மீட்டரில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் பூஜ்யத்துக்கு மேல் ஆடாமல் நின்றது. டாங்கி முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"யாரும் வந்து பாக்க வேணாம். கொஞ்ச நேரம் ஆறட்டும். ஆறினா ஓடும்" என்றார். லாரிகள் காரை உலுக்கிக்கொண்டு பக்கத்தில் பறந்தன. அவர் கண்கள் பாலத்துக்குத் திரும்பும் பாதையைக் காட்டும் பலகையைப் பார்த்தன, அதற்கு அடுத்த பலகையைப் பார்த்தன, மறுபடி முதல் பலகைக்கு வந்தன. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. பள்ளிவாசல் சாலையிலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார், கோட்டுக்குள், தன்னந்தனியாக.

அப்பா என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கோகுலன்கிட்ட சொல்லிராதம்மா. மறுபடியும் நின்னுச்சுன்னு தெரிஞ்சா சாவிய வாங்கிருவான்."

"சொல்ல மாட்டேன்ப்பா" என்றேன். என் காலுக்குக் கீழே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.