அம்மா தன் அண்ணனோடு பேசாத ஆண்டுகள்

புளியங்கூடலில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, யாழ்ப்பாணத்தில் அகதியாகக் கண்மூடிய எங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, இந்த நினைவுமலரை, இக்கல்வெட்டைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, அம்மா எல்லோரோடும் அன்பாக வாழ்ந்தார் என்று எழுதும்படி சிலர் கேட்டீர்கள். அது பொய். அம்மா பகைத்துக்கொண்டுதான் வாழ்ந்தார். ஏன் என்பதை அவருடைய ஒரே மகள் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த அப்பா, அடுத்த ஆண்டே காலமானார். அப்போது எனக்கு ஏழு வயது. ஒருமுறை கேட்ட பாடத்தை அப்படியே ஒப்புவிப்பேன். பெரிய கணக்குகளை மனத்திலேயே செய்வேன். எழுத மட்டும் வராது. எழுத்துகள் இடம் மாறும், தலைகீழாகும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் அம்மாவின் அண்ணன், என் மாமா. ஒருநாள் காலைப் பிரார்த்தனையின்போது என் கொப்பியைத் தூக்கிக் காட்டி எல்லாப் பிள்ளைகளையும் சிரிக்கவைத்தார். கேள்விப்பட்ட அம்மா புகையிலைத் தோட்டத்திலிருந்து நேரே வந்தார்.

“அண்ணை, வாயாலை கேட்டுப் பாருங்கோ. எல்லாம் சொல்லுவாள்.”

“எழுத ஏலாததுக்குப் படிப்பு என்னத்துக்கு? தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போ.”

“இண்டையோடை எனக்கு அண்ணன் இல்லை,” என்று பிள்ளைகளின் முன்னாலேயே சொல்லிவிட்டு, அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

வேலணையில் வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். நாள்தோறும் நடந்தே கூட்டிச் சென்றார். அங்கே ஓர் ஆசிரியை என்னிடம் கேள்விகளை வாயால் கேட்டுப் புள்ளி போட்டார். மாலையில் அம்மா பாடப் புத்தகத்தை வாசிப்பார். பிறகு எழுதச் சொல்வார். பிழைவிட்டால் அடிப்பார். அதை மறைக்கப் போவதில்லை. உறவினர் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. மாமாவுக்குப் பயந்து கலியாணங்களுக்குக்கூட எங்களை அழைக்கவில்லை.

இராணுவம் வர, எங்கள் தீவை விட்டு ஓடிவந்தபோது, யாழ்ப்பாணத்தில் அகதி முகாமாகிய பள்ளிக்கூடமொன்றின் ஒரே வகுப்பறையில் எங்களுக்கும் மாமா குடும்பத்துக்கும் இடம் கிடைத்தது. நடுவில் ஒரு சேலையைக் கட்டினோம். என்னைவிட இரண்டு வயது மூத்த மாமாவின் மகளுக்குச் சாதாரணதரப் பரீட்சை நெருங்கியிருந்தது, கணக்கு ஓடவில்லை. நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மாமி வந்து அம்மாவிடம் கேட்டார்.

“அவள் விரும்பினாச் சொல்லிக்குடுக்கட்டும். நான் அவரோடை கதைக்கமாட்டன்,” என்றார் அம்மா.

சொல்லிக்கொடுத்தேன். மச்சாள் பரீட்சையில் சித்தியடைந்தார். நடுவில் கட்டிய சேலை அப்படியே தொங்கியது.

அதே பரீட்சையில் என் முறை வந்தபோது கணிதத்தில் விசேட சித்தி, தமிழில் சித்தியில்லை. அம்மா விடாமல் மறுபடியும் எழுதவைத்தார். சித்தியடைந்த அன்று முதன்முறையாக என் முன்னால் அழுதார். சில மாதங்களில், பொருளாதாரத் தடையால் நீரிழிவுக்கு மருந்து கிடைக்காமல் கண்மூடினார்.

செத்தவீட்டில் மாமா சத்தமிட்டு அழுதார். எனக்குக் கணக்குப் படிப்பித்தது தாம்தான் என்று வந்தவர்களிடம் சொன்னார். அம்மாவின் தலைமாட்டிலிருந்து அதைக் கேட்டேன்.

வேலணை ஆசிரியைக்கும், மருந்து தேடிச் சைக்கிளில் அலைந்த பக்கத்து வகுப்பறை அண்ணைக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் என் நன்றி. மாமாவுக்கும் நன்றி சொல்லி ஒரு வரி எழுதும்படி பெரியவர்கள் கேட்டார்கள்.

அம்மா கடைசிவரை என்னிடம் அப்படிக் கேட்கவில்லை.

– மகள்